முதல் அயர்ன்மேன் போட்டிக்கு கார்பன் வீல் அவசியமா? காசைக் கொட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கோவாவில் 2025 நவம்பர் 9-ஆம் தேதி நடந்த அயர்ன்மேன் 70.3 போட்டியை தமிழக பாஜக முன்னாள் தலைவர் அண்ணாமலை நிறைவு செய்தது பேசுபொருளானது. பிரதமர் மோடியும் பாராட்டினார். இதைப் பார்த்து 'நாமும் இறங்கலாமா' என யோசிப்பவர்கள், சைக்கிள் வாங்கியதும் திணறும் கேள்வி ஒன்று உண்டு: எந்த வீல்?

அயர்ன்மேன் 70.3 என்றால் என்ன?

1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். மொத்தம் 70.3 மைல். முழு அயர்ன்மேன் என்றால் எல்லாமே இரண்டு மடங்கு. சைக்கிளில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க முடியாது. 12 மீட்டர் இடைவெளி கட்டாயம். காற்றை ஒவ்வொருவரும் தனியாகத்தான் கிழிக்கணும். அதனால்தான் உயரமான ரிம் கொண்ட கார்பன் வீலுக்கு இவ்வளவு மவுசு.

உயரமான ரிம் எல்லோருக்கும் நல்லதா?

இல்லை. நேர்க்காற்றில் வேகம் தரும் அதே ரிம், பக்கக்காற்றில் பாய்மரம் போல மாறிவிடும். முன் வீல்தான் சிக்கல், அது ஹேண்டில்பாரையே திருப்பிவிடும். பின் வீல் மீது உடல் எடை அதிகம் இருப்பதால் அவ்வளவு ஆட்டம் இருக்காது. உடல் எடை குறைவானவர்களை காற்று இன்னும் எளிதாகத் தள்ளும்.

ஹவாயின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப்பில், பலத்த பக்கக்காற்று காரணமாக முழுவதும் மூடிய டிஸ்க் வீலுக்கே தடை. சர்வதேச சைக்கிள் சம்மேளனமும் சாலைப் பந்தயங்களில் ரிம் உயரத்துக்கு 65 மி.மீ. உச்சவரம்பு அறிவித்தது, 2026 ஜனவரி முதல் அது அமல். இந்த விதி டிரையத்லானுக்குப் பொருந்தாது. ஆனாலும், தொழில்முறை வீரர்களுக்கே இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது புதியவர்களுக்கு ஒரு பாடம்.

அசல் கணக்கு எங்கே?

காற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு சைக்கிளுக்கு அல்ல, ஓட்டுபவரின் உடம்புக்குத்தான். குனிந்து ஏரோ பாரில் கை வைத்து ஓட்டினால்தான் லாபம். உயரமான வீல் ஆடுகிறதே என பயந்து நிமிர்ந்து உட்கார்ந்தால், வீல் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக உடம்பு இழந்துவிடும். லட்சத்தைத் தாண்டி செலவழித்தும் நேரம் கூடத்தான் செய்யும்!

முன்னால் 50 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு, பின்னால் கொஞ்சம் கூடுதல் என்பது முதல் போட்டிக்குப் பாதுகாப்பான தேர்வு.

ஹூக்லெஸ் ரிம் உஷார்!

டயரைக் கவ்விப் பிடிக்கும் மடிப்பு இல்லாத ரிம் இது. 2024 யுஏஇ டூர் பந்தயத்தில் பெல்ஜியம் வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்தபோது டயர் ரிம்மிலிருந்து கழன்றது; வீரர்கள் சங்கம் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. இந்த வகை வாங்கினால், தயாரிப்பாளர் அனுமதித்த டயரை மட்டுமே போடணும். காற்று 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ தாண்டக்கூடாது.

பட்ஜெட் கம்மியா?

முதலில் நல்ல பந்தய டயர், எடைக்கேற்ற சரியான காற்று. வீலைவிட பல மடங்கு குறைந்த செலவில் வேகம் கூடும். உயரமான ரிம்முக்கு நீள வால்வு கொண்ட ட்யூப் வேண்டும். அது இல்லாமல் நடுவழியில் பஞ்சரானால் ஸ்பேர் ட்யூப் இருந்தும் பயனில்லை. 70.3-க்கு மொத்தமே எட்டரை மணி நேரம்தான் என்பதால் பஞ்சர் ஒட்டத் தெரியாதவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

வாங்கும் முன் நண்பரிடம் இரவல் வாங்கி, கடற்காற்று பலமா அடிக்கிற நாளில் ஈசிஆரில் ஓட்டிப் பார்க்கலாம். ஏரோ பாரிலிருந்து கை தானாக எழுந்து வருகிறதென்றால், அந்த வீல் முதல் போட்டிக்கு வேண்டாம்.