புன்புன் என்னும் பையனும் புண்ணியம் தேடும் வாசகரும்

கதை படிப்போரில் ஒரு சாரார்க்குப் பழைய நோய் ஒன்றுண்டு. கதாநாயகன் நல்லவனாய் இருத்தல் வேண்டும். அவனுக்கு வந்த துன்பம் இறுதியில் நீங்குதல் வேண்டும். தீமை செய்தவன் தண்டனை அடைதல் வேண்டும். நூலை மூடுங்கால் படித்தவர் மனம் குளிர்தல் வேண்டும். இந்நான்கில் ஒன்று குறையினும், “இதுவும் ஒரு கதையா!” என்று நூலை வீசி எறிவர். கதாகாலட்சேபம் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு இஃது இயல்பேயாம். ஆனால், இந்நோய் தமிழர்க்கு மட்டும் உரியதென எண்ணற்க. ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றைப்பற்றிப் பல தேசத்து வாசகரும் கூறிவரும் அபிப்பிராயங்களைக் காணின், இது உலகெங்கும் பரவிய நோயென்பது விளங்கும்.

ஜப்பானியர் தம் சித்திரக்கதையை ‘மங்கா’ என்பர். அசானோ இனியோ என்னும் ஓவியர், ‘யங் சண்டே’ என்ற வார இதழில் 2007ஆம் ஆண்டு ‘ஓயாசுமி புன்புன்’ என்னும் மங்காவைத் தொடங்கினார். இரவில் உறங்கச் செல்லுமுன் ஒருவர்க்கொருவர் கூறிக்கொள்ளும் சொல்லே ‘ஓயாசுமி’ என்பது. 2008ஆம் ஆண்டில் அவ்விதழ் நின்றுவிடவே, கதை ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ இதழில் தொடர்ந்து, 2013ஆம் ஆண்டு நவம்பரில் நிறைவெய்தியது. மொத்தம் 13 தொகுதிகள். ஆங்கிலத்தில் 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் 7 தொகுதிகளாக வெளிவந்தபின், ஜப்பானிய மொழி அறியாதாரும் அதைப்பற்றி வாதிடலாயினர்.

கதை யாது? புன்புன் என்பவன் பள்ளிச் சிறுவன். தந்தை தாயை அடித்து வீட்டைக் கலைக்கின்றார். சிறுவன் தாயோடும் தாய்மாமனோடும் வளர்கின்றான். ஐக்கோ என்னும் சிறுமியிடம் அன்பு கொள்கின்றான். அவள் தாயோ ஒரு மதக்கூட்டத்தில் சிக்கியவள். மகளையும் இழுத்துக்கொண்டு வீடுவீடாய்ச் சென்று பிரசாரம் செய்பவள். அவ்வீட்டினின்று தப்பி ககோஷிமாவுக்கு ஓடிவிட வேண்டுமென்பது ஐக்கோவின் ஆசை. உடன் வருவதாய் வாக்களித்த புன்புன் அவ்வாக்கைக் காவாது விடுகின்றான். ஆண்டுகள் கழித்து இளைஞராய் மீண்டும் சந்திக்கின்றனர், கொலையில் முடிகின்றது, இருவரும் தெற்கே ஓடுகின்றனர், இறுதியில் ஐக்கோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். புன்புன் உயிரோடிருக்கின்றான்.

இனி வாசகர் கூறும் குற்றங்களை ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

முதலாவது, சித்திரம்பற்றிய குற்றம். தெருவும், மின்கம்பமும், வகுப்பறையும் புகைப்படங்களைக் கொண்டு அமைத்தாற்போல் நுணுக்கமாய் இருக்க, புன்புன் மட்டும் குழந்தை கிறுக்கிய குருவிபோல் நாலைந்து கோடுகளாய் நிற்கின்றான். பிற்பகுதி ஒன்றில் அக்குருவியும் மறைந்து வெறும் கூம்பு வடிவமாகின்றது. பேச்செழுதும் குமிழியும் அவனுக்கில்லை. அவன் சொன்னதை ஆசிரியரே எடுத்துரைக்கின்றார். “இது சோம்பேறித்தனம், சிறுபிள்ளை விளையாட்டு” என்பர் சிலர். அவரை ஒன்று கேட்கின்றோம். அழகிய முகம் வரைந்திருந்தால் அம்முகத்தைக் கண்டே அவனை நல்லவன் என்றோ தீயவன் என்றோ தீர்த்திருப்பீரன்றோ? முகமில்லாதவனிடம் அது செல்லாது. அவன் என்ன நினைத்தான், என்ன செய்தான் என்பது ஒன்றே எஞ்சி நிற்கும். அதனை ஆராயும் உழைப்பை ஓவியர் வாசகர்மீது சுமத்துகின்றார். அவ்வுழைப்பை வெறுப்பவரே ஓவியரைச் சோம்பேறி என்கின்றனர்!

இரண்டாவது, “இவன் நாயகனாகத் தகுதியற்றவன், கோழை, பொய்யன், இறுதியில் கொலைஞன்” என்பது. உண்மை, மறுப்பார் யார்? ஆசிரியரும் மறைக்கவில்லை. தகுதி உடையவனுக்காக அழுவது எளிது. 1970ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் ஜப்பானில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ‘அஷிதா நோ ஜோ’ என்னும் குத்துச்சண்டை மங்காவில் ரிக்கிஷி என்ற வீரன் இறந்தான் என்பதற்காக, கவிஞர் தெராயாமா ஷூஜி முன்னின்று, கோடான்ஷா பதிப்பகத்தில் உண்மையான இரங்கற்சடங்கே நடத்தினார். ஏறக்குறைய 700 பேர் கூடினர். அவ்வாசகரின் அன்பை இகழோம். ஆயினும் ரிக்கிஷி வீரன். நோன்பிருந்து உடல் வருத்திப் போட்டியில் நின்றவன். அவனுக்காக அழுவோர்க்கு அவன் பெருமையில் ஒரு பங்கு கிடைக்கின்றது. புன்புனுக்காக வருந்துவோர்க்கு அத்தகைய கூலி இல்லை. கூலியின்றி இரங்குதலே அரிது. அதனைப் பழக்குவிக்கும் நூலைப் பயனற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு செயல் எவ்வாறு விளைந்தது என்று காட்டுதல் வேறு. அச்செயல் தகும் என்று கூறுதல் வேறு. மருத்துவன் நோயின் காரணத்தை விளக்கினால், அவன் நோயைப் புகழ்ந்தான் என்போமா? இந்த வேற்றுமை அறியாதார் செய்யும் கூச்சலே மிகுதி.

மூன்றாவது, “துயரம், துயரம், துயரமே! படித்தபின் உறக்கம் வரவில்லை” என்பது. இதனைக் குற்றமாய்க் கூறுவோரும் உளர். பெருமையாய்க் கூறுவோரும் உளர். பின்னவரே மிக்க ஆபத்தானவர். “நானே புன்புன்” என்று மார்தட்டித் தம் சோம்பலுக்கும் சுயநலத்திற்கும் இக்கதையைச் சாட்சியாக்குவோர், நூலைப் பாதியே படித்தவராவர். மாமன் கற்பித்த மந்திரத்தை உச்சரித்ததும் புன்புன்முன் கடவுள் தோன்றுகின்றார். அடர்ந்த சுருள்முடியோடு இளிக்கும் புகைப்பட முகம்! அவர் வரமும் தரவில்லை, வழியும் காட்டவில்லை. பையன் உள்ளத்தில் ஏற்கனவே இருந்த எண்ணத்தையே கேலியாய்த் திருப்பிச் சொல்கின்றார். தன் குரலையே தெய்வக்குரலாய்க் கேட்டு நடந்தவன் எங்குச் சென்று சேர்ந்தான் என்பதன்றோ கதை? அதைப் படித்துவிட்டுப் புன்புனையே புதுத் தெய்வமாக்கித் தொழுவது எத்துணைப் பேதைமை!

நான்காவது குற்றமொன்று, இது எளிதில் தள்ளத்தக்கதன்று. “ஐக்கோவின் துன்பம் புன்புனின் துன்பத்தை வரைவதற்கொரு கருவியாயிற்று, அவள் உள்ளம் நமக்குக் காட்டப்படவில்லை” என்று பெண் வாசகர் பலரும் ஆடவர் சிலரும் கூறுவர். இதில் நியாயம் உண்டு. தாயின் கொடுமையும் மதவெறியின் சுமையும் தாங்கியவளுக்கு இன்னும் சில அத்தியாயங்கள் உரியனவாகும். ஆயினும் ஒன்று நோக்குக. புன்புன் நேசித்தது ஐக்கோவையா, தான் சிறுவயதில் மனத்தில் எழுதிக்கொண்ட ஐக்கோவின் படத்தையா? அப்படத்தையே அவன் நேசித்தான் என்பதும், அதனால் உயிருள்ள பெண்ணை அறியத் தவறினான் என்பதும் கதைக்குள்ளேயே தெளிவாய் உள்ளன. குறை ஆசிரியரிடம் ஒரு பங்கென்றால் புன்புனிடம் மூன்று பங்கு. இவ்வாறு வாதிடும் வாசகரே கதையை உள்ளவாறு எதிர்கொண்டவர். அவரோடு மாறுபடினும் அவரை மதிக்கின்றோம்.

நிற்க. “படம் போட்டதெல்லாம் பாலர்க்கு” என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. இக்கதை வயதுவந்தோர் படிக்கும் இதழில் வந்தது. வன்முறையும் காமக்கொடுமையும் அதில் வருகின்றன. சிறுவர் கையில் தருதல் கூடாது. அட்டையிற் குருவியைக் கண்டு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆசிரியரை ஏசுவது, மருந்துச் சீட்டைப் படியாமல் மருந்தைக் கொடுத்துவிட்டு வைத்தியரை ஏசுவதாகும்.

இறுதி அத்தியாயத்தைப்பற்றியும் பூசல் ஓயவில்லை. பழைய பள்ளித் தோழன் ஒருவன் புன்புனைத் தெருவில் தற்செயலாய்க் காண்கின்றான். சிறிது நேரப் பேச்சு. புன்புனைச் சூழ நண்பர்கள். நன்றாயிருக்கின்றான் போலும் என்ற எண்ணத்தோடு தோழன் பிரிகின்றான். “இது இன்ப முடிவா, தண்டனையா?” என்று வாசகர் இன்றும் சண்டையிடுகின்றனர். எமக்கோ, அத்தோழனே நம் போன்றோர்க்குக் காட்டப்பட்ட கண்ணாடி என்று தோன்றுகின்றது. 13 தொகுதிகளில் நடந்த எதனையும் அவன் அறியான். சில நிமிடம் கண்டான். ஒரு முடிவுக்கு வந்தான். நாமும் நாள்தோறும் பிறரைப்பற்றி அங்ஙனமே முடிவு செய்கின்றோம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! குடிகாரன் மகன், ஓடிப்போனவள் பிள்ளை, பேசாமடந்தை, உருப்படாதவன் என்று நாம் ஒரே சொல்லில் தீர்த்துவிடும் பையன்கள் எத்தனை பேர்! அவர்களுக்கும் 13 தொகுதி வாழ்க்கை உண்டு. அதை எழுதவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. நல்லவன் கதையைப் படித்தால் புண்ணியம் என்றெண்ணி இருப்போர், அப்பையன்களைக் கண்டு முகந்திருப்புவதில் வியப்பென்ன? இத்தகைய நூலைப் படித்துப் பிடிக்கவில்லை என்போர் தாராளமாய்ச் சொல்லட்டும்; காரணமும் சொல்லட்டும். “நாயகன் நல்லவனா?” என்று கேட்குமுன், “இவன் எங்ஙனம் இவ்வாறானான்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும். அக்கேள்வி நாவிற் பழகிவிட்டால், நூலுக்கு வெளியே நிற்கும் பையனிடமும் அதைக் கேட்க நாணமாட்டோம்.