சுவரில் கறுப்பு: பெயர் முக்கியமா, ஈரம் முக்கியமா?

கடந்த மாதம் ஓர் இரவு, என் மாணவன் ஒருவனின் தாயார் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது கண்ட காட்சியாம். சுவரின் கீழ்ப்பாதி விறகடுப்பில் வைத்த பானையின் அடிபோலக் கறுத்துக் கிடந்தது. படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: "டீச்சர், இது அந்தக் கறுப்புப் பூஞ்சையா?"

'அந்த' என்ற சொல்லில்தான் சிக்கல். 2021ஆம் ஆண்டு, கோவிட் காலத்தில், இந்தியாவில் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்த நோயைத் தமிழ் ஊடகங்கள் 'கறுப்புப் பூஞ்சை' என்றே எழுதின. அந்த நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். ரைசோபஸ் போன்ற பூஞ்சணங்கள், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களையும் ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களையும் தாக்கின. நோயாளியின் இறந்துபோன திசுதான் கறுப்பாகத் தெரிந்தது. அந்தக் கறுப்பு பூஞ்சணத்தின் நிறமன்று. பழைய ரொட்டியில் வளரும் ரைசோபஸ் உங்கள் வீட்டுச் சுவரில் நீங்கள் காணும் கறையன்று. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்துவிட்டதால், சுவரைப் பார்த்து நடுங்குகிறோம்.

இன்னொரு 'கறுப்பு' அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் பெயர் ஸ்டாக்கிபோட்ரிஸ். 1837இல் பிராக் நகரில், ஒரு வீட்டின் சுவர்த்தாளிலிருந்து எடுத்து கோர்டா என்ற அறிஞர் இதை முதலில் விவரித்தார். ஆக, இது அன்றே வீட்டுவாசிதான். 1990களில் கிளீவ்லாந்து நகரில் சில குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தக் கசிவு ஏற்பட்டபோது பழி இதன்மேல் விழுந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிறகு அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்து, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000இல் அறிவித்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் குறைவு. 'நச்சுக் கறுப்புப் பூஞ்சணம்' என்ற பெயர் மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அக்காவுக்கு (அவர் என்னைவிட மூத்தவர், அப்படித்தான் அழைப்பேன்) இதைச் சொன்னேன். அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார். படம் அனுப்புவதற்கு முன்பே ஒருவரை வரவழைத்து, 380 ரிங்கிட் கொடுத்துக் காற்றைச் சோதித்துவிட்டாராம். அறிக்கையில் மூன்று பெயர்கள்: அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் என் படிவம் 4 மாணவர்கள் ஊட்டக்கூழ் ஊற்றிய பெட்ரி தட்டுகளைப் பள்ளியில் சிற்றுண்டிச்சாலை, நூலகம், படிக்கட்டு என்று பல இடங்களில் சிறிது நேரம் திறந்து வைப்பார்கள். பிறகு ஒட்டுநாடாவால் மூடி முத்திரையிட்டு விடுவோம். மறுபடி திறக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஒரு வாரத்தில் எல்லாத் தட்டிலும் ஏதாவது முளைத்திருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றுதான் முளைக்கும். இவற்றின் சிதல்விதைகள் இல்லாத காற்று, மருத்துவமனைகளில் சிறப்பாக வடிகட்டப்பட்ட அறைகளைத் தவிர, அநேகமாக எங்கும் இல்லை. திறந்த சன்னலுக்கு வெளியே தட்டை நீட்டினாலும் அதே அறிக்கை வரும். 380 ரிங்கிட் கொடுத்து, 'உங்கள் வீட்டில் காற்று இருக்கிறது' என்று தெரிந்துகொண்டது போலத்தான் இது.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் அஞ்சும் ஸ்டாக்கிபோட்ரிஸ் இப்படிப்பட்ட தட்டில் எளிதில் அகப்படாது. அதன் சிதல்விதைகள் பிசினில் ஒட்டிக் கிடப்பவை. ஈரமாக இருக்கும்வரை காற்றில் அதிகம் பறக்கா. தட்டில் விழுந்தாலும் மெதுவாகவே வளரும். அதற்குள் பெனிசிலியம் இடத்தைப் பிடித்துவிடும். தட்டில் இல்லை என்பதால் சுவரில் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எப்படித்தான் அடையாளம் காண்பது? நிறத்தை வைத்து முடியாது. கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா, அஸ்பெர்ஜில்லஸ் நைகர், ஆரியோபாசிடியம் என்று கறுப்பாகத் தெரிபவை ஒரு பெரிய கூட்டம். ஒரே பூஞ்சணம் வயதுக்கும் உணவுக்கும் ஏற்ப நிறம் மாறும். குளியலறை ஓரத்தில் படியும் இளஞ்சிவப்புப் பிசுபிசுப்பு பெரும்பாலும் பூஞ்சணமே அன்று, பாக்டீரியா. சிமெண்டுச் சுவரில் பஞ்சுபோல வெள்ளையாகப் பூப்பது பல வேளைகளில் உப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பூஞ்சணம் கரையாது.

சரியான வழி நுண்ணோக்கிதான். ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைக் கறைமேல் மெல்ல அழுத்தி எடுத்து, நீலச் சாயம் ஒரு சொட்டு விட்ட கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். வடிவங்கள் அழகானவை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெனிசிலியம் சிறு தூரிகை போல இருக்கும்; பெயரின் பொருளே தூரிகைதான். அஸ்பெர்ஜில்லஸ், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலத் தலை உருண்டிருக்கும். 1729இல் அதற்குப் பெயரிட்ட மிக்கேலி ஒரு பாதிரியார். அவர் கண்ணுக்கு வேறென்ன தோன்றும்! ஆல்டர்னேரியாவின் சிதல்விதை செங்கல் அடுக்கியது போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஆனால் நுண்ணோக்கியும் பெரும்பாலும் பேரினம் வரைதான் சொல்லும். அஸ்பெர்ஜில்லஸில் எந்த இனம் என்று அறிய வளர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது மரபணுவைப் படிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெயரே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எலும்பு மஜ்ஜை மாற்றியவர்கள், புற்றுநோய்க்கு மருந்தேற்றுபவர்கள் படுத்திருக்கும் மருத்துவமனையில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்சினை. வீட்டிலும் பெயர் ஒரு தகவலைத் தரும்: எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று. அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகியவற்றில் பல இனங்களுக்குக் காற்றின் ஈரப்பதமே போதும். ஸ்டாக்கிபோட்ரிஸுக்கு அது போதாது. தாளோ பலகையோ நாள்கணக்கில் நனைந்தே கிடக்க வேண்டும். ஆகவே பிளாஸ்டர் சிலிங்கிலோ கேபினெட்டின் பின்பலகையிலோ அது வந்திருந்தால், எங்கோ குழாய் கசிகிறது என்று பொருள். ஆனால் கசிவைக் கண்டுபிடிக்கக் கையும் கண்ணும் இருக்கும்போது பூஞ்சணத்தை ஏன் கேட்க வேண்டும்?

அக்காவின் கதையில் என்னை எழுத வைத்தது அந்த 380 ரிங்கிட் அன்று. அவர் தம் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, "முதலில் என்ன பூஞ்சணம் என்று ஆய்வறிக்கை கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்றார்களாம். கொண்டுபோய்க் கொடுத்தார். "இது சாதாரண வகைதான், பிளீச் போட்டுத் துடையுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகனுக்கு ஆஸ்துமா. மருந்துக்குழலோடு வகுப்புக்கு வரும் பையன்.

அடையாளம் காணும் அறிவியல் இங்கே காலம் கடத்தும் கருவியாகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் ஈரம், பூஞ்சணம் குறித்து வெளியிட்ட வழிகாட்டி, இன்ன பூஞ்சணம் இத்தனை இருந்தால் ஆபத்து என்று எந்த எண்ணையும் வரையறுக்கவில்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதல், ஆகவே ஈரத்தைத் தடுங்கள் என்றுதான் சொல்கிறது. கண்ணால் பூஞ்சணம் தெரியும்போது மாதிரி எடுப்பது பெரும்பாலும் தேவையில்லை என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். 'சாதாரண வகை' என்ற பேச்சுக்கு ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் இடமே இல்லை.

இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. தந்தை 2017இலேயே பூஞ்சணம் பற்றிப் புகார் செய்திருந்தார். மேலே சாயம் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் நீண்ட காலம் இருந்த பூஞ்சணமே காரணம் என 2022இல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். அதன் பிறகு, 2023இல், அக்குழந்தையின் பெயரால் அறியப்படும் சட்டம் அங்கே நிறைவேறியது.

நம் நாட்டிலும் அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு பிடி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின்படி, மேல்மாடிக் கசிவு என்று எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்தால், நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். பூஞ்சணத்தின் பெயரை அது கேட்கவில்லை. கடிதத்தில் 'பூஞ்சணம்' என்று எழுதாதீர்கள், 'கசிவு' என்று எழுதுங்கள்.

ஆனால் கசிவா, காற்றின் ஈரமா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். நம் காற்றில் ஈரம் அதிகம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் வியர்க்கும். ஏர்கோனை 18இல் வைத்துவிட்டு, குளிர்நாட்டு ஆலோசனையைப் படித்துச் சன்னலையும் திறந்தால், வெளியிலிருந்து ஈரத்தை அழைத்துச் சுவரில் ஒட்டவைக்கிறோம். அத்தகைய பூஞ்சணம் புள்ளிப்புள்ளியாக, அலமாரிப் பின்புறம், காற்றோட்டம் இல்லாத மூலைகளில் சிதறியிருக்கும். கசிவோ ஓரிடத்திலிருந்து தொடங்கிப் பழுப்பு விளிம்போடு பரவும். சந்தேகம் இருந்தால், சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் கோத்தால் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் கோத்தால் காற்றிலிருந்து வருகிறது.

அக்கா அப்படித்தான் ஒட்டினார். உட்புறம் துளித்துளியாக நின்றது. அதைப் படமெடுத்து, கசிவு அறிவிப்புக் கடிதத்தோடு கொடுத்தார். ஆறாம் நாள் ஆள் வந்தார். மேல்வீட்டுக் குளியலறையில் தரையின் நீர்க்காப்பு விட்டுப்போயிருந்தது. பழுதுபார்த்துவிட்டார்கள். சுவர் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது, பையன் இப்போதைக்குக் கூடத்தில் படுக்கிறான். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.