சீரும் பாகமும்

குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். காரியமெல்லாம் முடிந்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். மனைவி, மகன்களோடு மகள்களின் பெயரும் அதில் இருக்கிறது. நிலத்தை விற்க வேண்டுமென்றால் அவர்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். "ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்மா" என்று அண்ணன் கூப்பிடுகிறார். தங்கையும் வருகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில், அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கிறது. ரேகை வைத்துவிட்டு, அண்ணன் எடுத்துக்கொடுத்த புடவையோடு ஊர் திரும்புகிறார். யாரும் யாரையும் மிரட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. அதனாலேயே இதில் ஓர் அநீதி இருப்பது நம் கண்ணில் படுவதே இல்லை.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். தந்தை தானே சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில் மகனுக்குச் சமமான பங்கை மகளுக்கும் கொடுத்தது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்துக்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமான பெண்களை வெளியே நிறுத்தியது. ஒரே வீட்டில் அக்காவுக்கு உரிமை இல்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை அப்படித்தான் வந்தது. 2005இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் பெண்கள் ஏன் எழுதிக்கொடுக்கிறார்கள்? ஆசை இல்லாமல் அல்ல. "பாகம் கேட்டா அண்ணன் வாசப்படி மிதிக்க முடியாது" என்ற பயம்தான் காரணம். காதுகுத்துக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். மகள் சடங்கானால் சீர் கொண்டுவர வேண்டும். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து படி வராவிட்டால் மாமியார் வீட்டில் தலைகுனிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, புகுந்த வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் போய் நிற்க அவருக்கு இருப்பது அந்த ஒரு வாசல். அந்த வாசல் அடைபடாமல் இருக்கத்தான் அவர் தன் பங்கை விடுகிறார். ஆனால், அவருக்கு உண்மையிலேயே ஆபத்து வரும் நாளில் அந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லாதவராக, அண்ணன், அண்ணியின் முகம் பார்த்து நிற்கிறார். தன் பாதுகாப்புக்காக எதை விட்டுக்கொடுத்தாரோ, அதுதான் அவருடைய உண்மையான பாதுகாப்பாக இருந்திருக்கும்.

இது என் ஊகம் அல்ல. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகியோர் செய்த ஆய்வு 2005இல் வெளியானது. தம் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவரின் அடி உதைக்கு ஆளானவர்கள். நிலம், வீடு இரண்டும் இருந்த பெண்களிடம் அது 7 சதவீதம். தனக்கென ஒரு கூரை இருக்கும் பெண்ணைக் கை நீட்டி அடிக்கக் கணவன் யோசிக்கிறான். பாகம் என்பதைப் பணமாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த எண்களைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"நகை போட்டோம், கல்யாணம் பண்ணிவச்சோம், இன்னும் என்ன?" என்ற கேள்வி உடனே வரும். மகன்களுக்கும்தானே படிப்பும் கல்யாணமும் செய்துவைத்தார்கள்? அவற்றை அவர்களுடைய பாகத்தில் யாரும் கழிப்பதில்லை. தவிர, கல்யாணத்தில் போட்ட நகை பெரும்பாலும் கணவனின் தொழிலுக்கோ கடனுக்கோ அடகுக்குப் போகிறது. நிலம் தலைமுறைக்கும் நிற்கிறது.

அண்ணன் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊரிலேயே தங்கி நிலத்தைப் பார்த்து, அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவர்கள் அவரும் அவர் மனைவியும் என்றால், அந்த உழைப்புக்குக் கணக்கு இருக்க வேண்டும். அதை வெளிப்படையாகப் பேசிக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகளையும் மகனோடு சேர்த்தே பொறுப்பாக்குகிறது. பாகம் வாங்கும் மகள் அந்தக் கடமையிலும் பங்கெடுப்பது நியாயம். இவை எதற்கும், வந்து கையெழுத்துப் போடு என்ற ஒரே வரி பதில் ஆகாது.

இதில் தந்தையர்தான் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தான் சம்பாதித்ததை மகன்களுக்கு மட்டும் எழுதிவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே மகளைக் காப்பாற்ற இருப்பது தந்தையின் மனசாட்சி ஒன்றுதான். உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்து, எது யாருக்கு, ஏன் என்று அவர் சொல்லிவிட்டால், பின்னால் தங்கை வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை; அண்ணனும் வன்மம் கொள்ள இடமில்லை.

அப்படிச் செய்யாமல் தந்தை போய்விட்ட வீடுகளில், அண்ணன் ஒன்று செய்யலாம். பத்திரம் எழுதுவதற்கு முன், நிலத்தின் இன்றைய விலை என்ன, அதில் தங்கையின் பங்கு எவ்வளவு என்று அவரிடம் சொல்லலாம். வேறொரு வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்க அவருக்கு அவகாசம் தரலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இந்த உதவி இலவசம். எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் "எனக்கு வேண்டாம், நீயே வச்சுக்கோண்ணா" என்று தங்கை சொன்னால், அவர் கொடுப்பதை அண்ணன் மனதார வாங்கிக்கொள்ளலாம்.