வாங்கியது நான்தான் என்று எத்தனை முறை சொல்வது?

கம்ப்யூட்டர் மந்தமானால் நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மேட் அடிச்சிடுங்க, சரியாயிடும்." சரியாகவும் ஆகிவிடுகிறது. டிஸ்கைத் துடைத்து, விண்டோஸை மறுபடி போட்டு, பிரிண்டருக்கு டிரைவர் தேடிப் பிடித்து, தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகையையும் ஏற்றி முடித்து அப்பாடா என்று நிமிர்ந்தால், திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. விண்டோஸை ஆக்டிவேட் செய்யுங்கள் என்கிறது. எந்த ஃபைலைத் திறந்தாலும் அதன் மேலேயே தெரிகிறது. திரையின் படத்தையும் நிறத்தையும் மாற்றும் பக்கம் மங்கிப்போய், கை வைக்க விடுவதில்லை.

வேலை நிற்காதே, பிறகென்ன என்று கேட்கலாம். டிடிபி சென்டர் வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து புரூஃப் பார்க்கிறார். மணமகன் பெயருக்குக் கீழேயே அந்த இரண்டு வரி. "என்ன சார், ஒரிஜினல் இல்லையா?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறார். பில்லும் பெட்டியும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் மனிதருக்கு அது எவ்வளவு சுருக்கென்று தைக்கும்!

யாருக்கு இந்தத் தண்டனை என்பதுதான் என் ஆதங்கம். திருட்டுப் பிரதி போட்டவர் திரையில் அந்த வரி வருவதில்லை. கிராக் போட்டுத் தருகிறவர் அதையும் சேர்த்து அடக்கித்தான் தருகிறார். காசு கொடுத்தவர்தான் ஒவ்வொரு முறையும் நான் திருடவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு இந்த ஆக்டிவேஷன் ஏற்பாடு வந்தபோது, ஒரே சிடியைப் பல கம்ப்யூட்டர்களில் போட்டுக்கொள்வதைத் தடுக்கத்தான் என்றார்கள். நியாயம்தான். உழைத்து எழுதியவர்களுக்குக் கூலி போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்தக் காவல் வேலை முழுவதையும் வாங்கியவர் தலையிலேயே கட்டியது என்ன நியாயம்?

பழைய லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 25 எழுத்துகள் கொண்ட கீ, ஐந்தைந்தாக. அதுதான் நீங்கள் வாங்கியதற்கு அத்தாட்சி. வருஷக்கணக்கில் மடியிலும் மேசையிலும் தேய்ந்து, சூட்டில் வெளுத்து, இப்போது வெறும் வெள்ளைத் தாளாக இருக்கும். டார்ச் அடித்து, சாய்த்துப் பிடித்து, பேத்தியின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாலும் பி-யா எட்டா, ஜி-யா ஆறா என்று தெரியாது. அந்தக் கீயில் ஓ-வும் கிடையாது, பூஜ்யமும் கிடையாது. ஐ-யும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த அளவுக்குக் குழப்பம் குறைவு. எழுத்தில் அவ்வளவு நிதானம் காட்டியவர்கள், அழியாத மையில் அச்சடித்திருக்கக் கூடாதா?

எழுத்து புரிந்தும் கீ ஒத்துக்கொள்ளாமல் போனால் அடுத்த வழி ஃபோனாக இருந்தது. விண்டோஸ் 7 காலத்தில் திரையில் வரும் 54 இலக்கங்களை ஃபோனில் தட்டி, பதிலுக்கு அந்தப் பக்கம் சொல்லும் 48 இலக்கங்களைக் கேட்டு எழுதி, திரும்ப டைப் செய்ய வேண்டியிருந்தது. நடுவில் கரண்ட் போனாலோ குக்கர் விசில் அடித்தாலோ விட்ட இடத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

விண்டோஸ் 8 வந்த பிறகு, 2012 முதல், கம்பெனி கம்ப்யூட்டர்களில் கீயை மதர்போர்டிலேயே பதித்துவிட்டார்கள். மறுபடி போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் மதர்போர்டு போய்விட்டால்? கீயும் அதோடு போயிற்று. பழுதான போர்டுக்குப் பதில் அதே ரகப் போர்டைப் போட்டால் புது உரிமம் வாங்க வேண்டியதில்லை என்று கம்ப்யூட்டரோடு வரும் உரிமத்தின் விதியே சொல்கிறது. ஆனால் போர்டு பழுதானதா, ஆசைக்கு மாற்றியதா என்று ஆக்டிவேட் செய்யும் சர்வருக்கு எப்படித் தெரியும்? ஹார்டுவேர் மாறியிருக்கிறது என்று ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. வாரண்டி முடிந்த லேப்டாப்புக்குச் சென்னை ரிச்சி தெருவில் தேடி பழைய போர்டு வாங்கிப் போட்டவர் யாரிடம் போய்ச் சொல்வார்? வீட்டுக்குப் புது ஒயரிங் போட்டதற்காகப் பத்திரத்தைத் திரும்பப் பதியச் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2016இலிருந்து விண்டோஸ் 10 உரிமத்தை அவரவர் இணையக் கணக்கோடு இணைத்துக்கொள்ளலாம். போர்டு மாறினாலும் அந்தக் கணக்கில் நுழைந்து, இது என் கம்ப்யூட்டர்தான் என்று காட்டலாம். ஆனால் போர்டு போவதற்கு முன்பே இணைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரை விற்கிற அன்றைக்கு இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? கடைக்காரர் ஒரு லோக்கல் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டே பையனுக்குத்தான் தெரியும், பையனோ வெளியூரில்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. விண்டோஸ் 7 வாங்கி, அதிலிருந்து இலவசமாக 10க்கு வந்தவர்கள். பழைய 7 கீயைப் புதிய விண்டோஸுக்குப் போடும் வழியை 2023இல் அடைத்துவிட்டார்கள். இப்போது போர்டை மாற்றினால் கையில் ஸ்டிக்கர் தெளிவாக இருந்தும் பயனில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு 10க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்ட பிறகும், இருக்கிற கம்ப்யூட்டரையே துடைத்துப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டப் பார்க்கிறவர்கள் நிறைய. பெரும்பாலும் சிறு கடைக்காரர்கள், ஓய்வூதியக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள்.

என்றைக்கு, எந்தக் கம்ப்யூட்டருக்காக அந்தக் கீ முதலில் ஆக்டிவேட் ஆனது என்ற கணக்கு விண்டோஸ் விற்கும் கம்பெனியிடம்தான் இருக்கிறது. வாங்கியவரிடம் பில் இருக்கிறது. இரண்டையும் ஒத்துப் பார்க்க, தமிழில் பேசுகிற ஓர் ஆளை ஃபோனின் மறுமுனையில் உட்கார வையுங்கள். பில்லைப் பார்த்து, அந்தக் கணக்கோடு சரிபார்த்து, திறந்துவிடுங்கள். இதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.