தாம்சன் சாலைப் பந்தயம்: கடனாகப் பெற்ற சாலையின் வரலாறு

நின்றுபோன பந்தயங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர் பட்டியலிலிருந்தே தொடங்குகின்றனர். சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயமும் அவ்வாறே நினைவுகூரப்படுகிறது: 1961இல் இயன் பார்ன்வெல், 1969 முதல் 1971 வரை தொடர்ந்து மும்முறை நியூசிலாந்தின் கிரேம் லாரன்ஸ், 1973இல் ஆஸ்திரேலியாவின் வெர்ன் ஷுப்பன். இப்பட்டியலில் பிழையில்லை, ஆனால் அது போதாது. பொதுச் சாலையில் நிகழும் பந்தயம், ஊராரிடமிருந்து சாலையைச் சில நாள்களுக்குக் கடனாகப் பெற்று நடத்தப்படுவது. அக்கடனின் நிபந்தனைகளை ஆராயாத வரலாறு குறைபட்டதே.

மேல் தாம்சன் சாலையையும் அதன் பழைய கிளைச் சாலையையும் இணைத்து அமைந்த அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர். ஒருபுறம் நேர்ச்சாலை, மறுபுறம் காட்டோரமாக நெளியும் குறுகிய வழி. 'பாம்புகள்', 'பேய் வளைவு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்களை அதன் திருப்பங்களுக்கு ஓட்டுநர்கள் சூட்டியிருந்தனர். விளக்குக் கம்பங்களும், பேருந்து நிறுத்தங்களும், பருவமழை நீரோடும் ஆழமான வடிகால்களும் தடத்தின் ஓரத்திலேயே இருந்தன. அருகில் 'கம்பம்' எனப்படும் சிற்றூர்கள். வடக்கே தொடர்ந்தால் அவ்வழி செம்பவாங்கை அடையும். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்ற பலர் பணியாற்றிய பிரிட்டிஷ் கடற்படைத் தளம் அங்கேதான் இருந்தது. பந்தய நாள்களுக்கு வெளியே அது உழைப்பாளர்கள் நாள்தோறும் சென்றுவந்த சாலை.

பந்தயத்தின் பெயர்மாற்றங்களும் கவனத்திற்குரியவை. 1961இல் சுற்றுலாவை வளர்க்கும் முயற்சியின் பகுதியாக அது தொடங்கியது. 1962இலேயே 'மலேசியக் கிராண்ட் பிரீ' என்னும் பெயரைப் பெற்றது. மலேசியக் கூட்டமைப்போ 1963 செப்டம்பர் 16 அன்றுதான் பிறந்தது. பிறவாத நாட்டின் பெயரைப் பந்தயம் முன்கூட்டியே சுமந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்தது. மறு ஆண்டே அது 'சிங்கப்பூர்க் கிராண்ட் பிரீ' ஆயிற்று. ஓர் அரசு தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்த விரும்பியவரை சாலைக்கடன் தட்டின்றிக் கிடைத்தது.

அதன் விலையும் ஏறிக்கொண்டே சென்றது. அத்தடம் பறித்த உயிர்கள் 7. 1972, 1973 ஆகிய இறுதி இரு ஆண்டுகளிலும் ஓட்டுநர்கள் மாண்டனர். சாலையில் வாகனங்கள் பெருகின. சாலையை மூடுவதால் மக்களுக்கு நேர்ந்த இடையூறும் பெருகியது. 1973க்குப் பின் அரசு பந்தயத்துக்கு இடமளிக்கவில்லை.

ஒரு விளையாட்டை அரசு கொன்றுவிட்டது என ஆர்வலர் சிலர் இன்றும் வருந்துவர். அவ்வருத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. எனினும், உயிரையும் வழியையும் காக்க இயலாத நிலையில் கடனைத் திரும்பக் கேட்பது சாலையின் காவலர் என்ற முறையில் அரசின் கடமை. 2008இல் மரினா பே பகுதியில் ஃபார்முலா ஒன் பந்தயம் வந்தபோது, இரவு நேரம், நகரின் வணிக மையம், தடுப்புச் சுவர்கள், ஓடி ஒதுங்கும் இடங்கள் என நிபந்தனைகள் முற்றிலும் மாறியிருந்தன. 1973இல் நிறுத்தியதும் 2008இல் அனுமதித்ததும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

இதனோடு ஹைதராபாத்தை ஒப்பிடலாம். 2023 பிப்ரவரி 11 அன்று ஹுசேன் சாகர் ஏரிக்கரையில், 2.83 கிலோமீட்டர்த் தடத்தில், மின்கார்களுக்கான ஃபார்முலா ஈ பந்தயம் நடந்தது. ஜான் எரிக் வெர்ன் வென்றார். 2024க்கான பந்தயம், ஆட்சி மாறியபின் அவ்வாண்டு ஜனவரியில் கைவிடப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த விவாதம் பெரிதும் ஒப்பந்தத்தையும் பணத்தையுமே சுற்றியது. ஏரிக்கரைச் சாலையை நாள்தோறும் பயன்படுத்துவோர் எதை இழந்தனர், எதைப் பெற்றனர் என்ற வினா அங்கே பின்தங்கிவிட்டது.

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரத்து எல்லைச் சிற்றூர்களுக்கு இவ்வினா அயலானதன்று. அங்கே கார்ப் பந்தயம் இல்லை. ஆயினும் கரமனையிலிருந்து களியக்காவிளை வரையிலான அகலப்படுத்தும் பணி கட்டம் கட்டமாக நீண்டுகொண்டிருக்க, ஒரு சாலையின் அகலமும் அடைப்பும் கடைக்காரரையும் பேருந்துப் பயணியையும் எவ்வளவு தொடும் என்பதை அவ்வூரார் நன்கறிவர்.

ஆகவே, இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்கள் வெற்றிக் கோப்பைகளுக்கு அப்பால் செல்ல வேண்டும். சாலை மூடல் அறிவிப்புகள், பேருந்து வழித்தட மாற்றங்கள், காவல்துறை ஆவணங்கள், சாலையோரக் குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவையே தெருப் பந்தய வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்துவிட்ட நிலையில், தமிழ்ச் சூழலிலும் அச்சான்றுகளைத் திரட்டும் பணியை இப்போதே தொடங்குவது நலம். பந்தயம் நின்றபின் கோப்பைகள் காட்சிக்கூடத்தில் இருக்கும். பேருந்துக்காகக் காத்திருந்தவரின் நினைவை எவரும் தாமாகப் பாதுகாத்து வைப்பதில்லை.