சூஸ்தல்: ஒரு நாள் போதுமா?

ரஷ்யாவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தைப் பாருங்கள். மாஸ்கோவுக்கு நாலு நாள், செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கு மூன்று நாள். நடுவில் "ஒரு நாள் சுற்றுலா" என்று சூஸ்தல் இருக்கும். காலையில் மாஸ்கோவில் கிளம்பி, நாலைந்து தேவாலயம் பார்த்து, மதியம் சாப்பிட்டு, ராத்திரி திரும்பிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், இப்படிப் போவது போகிறவருக்கும் நஷ்டம், ஊருக்கும் நஷ்டம்.

முதலில் நேரக் கணக்கு. மாஸ்கோவிலிருந்து சூஸ்தல் சுமார் 220 கி.மீ. ஊருக்கு ரயில் கிடையாது. விளாதிமிர் வரை ரயிலில் போய், அங்கிருந்து 26 கி.மீ. பஸ்ஸிலோ டாக்சியிலோ போக வேண்டும். வேகமான ரயிலைப் பிடித்தாலும் போக வர ஆறு மணி நேரம் காலி. மிச்ச நேரத்தில் சாப்பாடும் போக என்ன பார்ப்பீர்கள்?

சரி, ரயில் ஏன் இல்லை? அந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது.

பழைய ரஷ்ய நாளாகமத்தில் சூஸ்தல் பெயர் 1024-ஆம் ஆண்டு நிகழ்வுகளிலேயே வந்துவிடுகிறது. மாஸ்கோவின் பெயர் முதலில் வருவது 1147-ல்தான். மாஸ்கோவை நிறுவியவர் என்று சொல்லப்படும் யூரி தோல்கருக்கி, சூஸ்தலைத் தலைநகராக வைத்து ஆண்ட இளவரசர். அதாவது நாம் இன்று "மாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்" என்கிறோமே, அப்போது நிலைமை நேர் எதிர். பிறகு யூரியின் மகன் ஆந்திரேய் 1157-ல் தலைநகரை விளாதிமிருக்கு மாற்றினார். 1238-ல் மங்கோலியப் படை ஊரைச் சூறையாடியது. இருந்தாலும் சூஸ்தல் மடாலயங்களின் ஊராக நிமிர்ந்தது.

கடைசி அடி 1862-ல் விழுந்தது. மாஸ்கோ - நீஷ்னி நோவ்கொரத் ரயில் பாதை விளாதிமிர் வழியாகப் போனது, சூஸ்தலைத் தொடவில்லை. சரக்கும் வியாபாரியும் ரயில் நிற்கும் ஊருக்குத்தானே போவார்கள்? பெரிய ஆலைகள் வரவில்லை. பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசியமும் வரவில்லை. ஊர் அப்படியே நின்றது. நாம் இன்று காசு கொடுத்துப் பார்க்கும் அழகு, பாதி அந்த நஷ்டத்தில் மிஞ்சியதுதான். யுனெஸ்கோ 1992-ல் விளாதிமிர், சூஸ்தல் பகுதியின் வெள்ளைக்கல் கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது நம் வணிகவியல் மூளையைக் கொஞ்சம் தட்டுவோம். சுமார் 10 ஆயிரம் பேர் வாழும் ஊர். அவர்களுக்குப் பெரிய பிழைப்பே சுற்றுலாதான். ஒரு நாள் பயணி அறை வாடகை, இரவுச் சாப்பாடு, காலைப் பலகாரம் எல்லாவற்றையும் மாஸ்கோவில் கொடுக்கிறார். சுற்றுலா பஸ்ஸும் வழிகாட்டியும் பெரும்பாலும் மாஸ்கோ கம்பெனியின் கணக்கு. சூஸ்தலுக்குக் கிடைப்பது நுழைவுச் சீட்டு, ஒரு மதியச் சாப்பாடு, ஒரு பாட்டில் தேன்மது, ஒரு வெள்ளரி ஊறுகாய். ஆனால் கூட்டமும் குப்பையும் ஊருக்குத்தான். 1862-ல் வருமானம் ஊரைச் சுற்றிப் போனது. இன்று வருமானம் ஊருக்குள் வந்து, நிற்காமல் திரும்பிப் போகிறது.

பயணியின் நஷ்டமும் சின்னதல்ல. இந்த ஊரில் தேவாலயங்கள் பல இடங்களில் ஜோடியாக நிற்கும். பெரியது கோடைக்கு. சின்னது, சூடேற்ற வசதி உள்ளது, குளிர்காலத்துக்கு. ஓடிக்கொண்டே பார்த்தால் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்றுதான் தோன்றும்.

போக்ரோவ்ஸ்கி கன்னிமாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வசீலி, குழந்தை இல்லை என்பதற்காக மனைவி சலமோனியாவை 1525-ல் துறவியாக்கினார். அவர் வந்து சேர்ந்த இடம் இது. மகா பீட்டரும் தன் முதல் மனைவி எவ்தோக்கியாவை 1698-ல் இங்கேதான் அனுப்பினார். வேண்டாத ராணிகளை அனுப்பி வைத்த வெள்ளைச் சுவர்! காமென்கா ஆற்றின் எதிர்க்கரையில் எவ்ஃபிமி மடாலயம். 1766-ல் இரண்டாம் கேத்தரின் அதற்குள் ஒரு சிறையை அமைத்தார். ஸ்தாலின்கிராதில் சரணடைந்த ஜெர்மன் தளபதி பௌலுஸ் 1943-ல் இந்த மடாலயத்தில்தான் கைதியாக இருந்தார். இத்தனையையும் "அழகான குவிமாடம்" என்று ஒரு போட்டோவில் முடித்துவிட்டு பஸ் ஏறுவது நியாயமா?

"லீவு இல்லையே, பணம் இல்லையே" என்பீர்கள். நியாயமான பேச்சுதான். அப்படியானால் செர்கீவ் பொசாத் போங்கள். மாஸ்கோவிலிருந்து சுமார் 70 கி.மீ., நேரடி மின்ரயில் உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் புனித செர்கி தொடங்கிய பெரிய மடாலயம் இருக்கிறது. ஒரு நாளுக்குச் சரியான ஊர் அது.

எல்லோரும் இரவு தங்க ஆரம்பித்தால் சூஸ்தலில் வீடெல்லாம் விடுதியாகிவிடாதா என்றும் கேட்கலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அதைக் கட்டுப்படுத்த ஊர்க்காரர்களுக்கு வழி உண்டு. எத்தனை விடுதி, எங்கே, என்ன உயரம் என்று விதி போடலாம். மாஸ்கோவில் கைமாறிவிடும் பணத்தை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சூஸ்தல் போவதானால் ஓர் இரவாவது தங்குங்கள், அந்த ஊர்க்காரர் நடத்தும் சின்ன விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். முடியாதா, இந்த முறை விட்டுவிடுங்கள். ஆயிரம் வருஷம் இருந்த ஊர், அடுத்த தடவைக்கும் இருக்கும்.