நிற்கிற லாரிக்கு யார் கூலி தருவது?

மும்பையை அடுத்த களம்போலியோ, டெல்லியின் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரோ, எந்த லாரிப் பேட்டைக்குப் போனாலும் நாமக்கல், சங்ககிரி வண்டிகள் கண்ணில் படும். வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கும் டிரைவரிடம், "வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் மணிக்கணக்கில் வந்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

லாரி வாடகை நடைக்குத்தான்; நாளுக்கு அல்ல. லோடு ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள் என்று வண்டி நின்றாலும் வாடகை அதேதான். ஆனால் வங்கித் தவணையும் இன்ஷூரன்ஸும் டிரைவர் படியும் நிற்பதில்லை. மாதம் ஐந்து நடை என்றால் பத்து நாள் வீண். இதற்கு ஈடாகத்தான் 'ஹால்டிங் சார்ஜ்' என்று ஒன்று இருக்கிறது. பேச்சில் இருக்கிறது, கைக்கு வருவது அபூர்வம். வற்புறுத்திக் கேட்டால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர் எப்படி வற்புறுத்துவார்?

இதே சரக்கு ரயிலில் வந்தால் கதை வேறு. குறித்த நேரத்துக்குள் இறக்காவிட்டால் வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று ரயில்வே டெமரேஜ் போட்டுவிடும். கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தந்தால் கப்பல் கம்பெனி நாள்கணக்கில் வசூலிக்கும். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறார். லாரி மட்டும் அவருக்குச் சக்கரம் வைத்த இலவச கோடவுன். லாரி தாமதமாக வந்தால் வாடகையில் பிடித்தம் செய்யவும் பலர் தயங்குவதில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளின் வரிச் சோதனைச் சாவடிகள் போயின. வழியில் மிச்சமான நேரம் கோடவுன் வாசலில் கரைகிறது. சட்டமும் காத்திருப்பைப் பெரிதாக நினைத்ததில்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை வரையறுத்தபோது, நிலையத்தில் வெறுமனே காத்திருப்பதில் 15 நிமிடத்துக்குக் குறைவானதைத்தான் கணக்கில் சேர்த்தது. 15 மணி நேரம் காத்திருப்பவரை யாரும் யோசிக்கவில்லை.

ஆதாரம் இல்லை என்ற சாக்கு இன்று செல்லாது. பாஸ்டேக் டோல்கேட் நேரத்தைச் சொல்கிறது; ஜி.பி.எஸ். வண்டி நின்ற இடத்தையே காட்டுகிறது. லாரி ரசீதில் வந்த நேரம், இறக்கி முடித்த நேரம் என்று இரண்டு வரி சேர்த்து, கேட்டிலேயே முத்திரை வாங்கலாம். இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முன்பே எழுதிக்கொள்ளலாம். காத்திருப்புக்கு விலை வைத்தால்தான் காத்திருப்பு குறையும்.

அதுவரை, பகலெல்லாம் வெயிலில் நின்ற டிரைவர், இழந்த நேரத்தை இரவில் ஓட்டி ஈடுகட்டத்தான் பார்ப்பார். அதே சாலையில் எதிரே வருவது நீங்களும் நானும்தான்.